புக்கிட் செலம்பாவுக்கு ஒன்பது பலகை

எனக்குத் தெரிந்த வேலை பாதை திறப்பது. சிறுமலையில் குதிரைமேல் வாழைத்தார் ஏற்றி இறக்கிய பாதைகள் உண்டு. லாரி வந்ததும் அவை மூடிக்கொண்டன. பிற்பாடு மலை ஏறி நடக்க ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்காகப் புதரை வெட்டினேன். கல்லில் சுண்ணாம்பால் அம்பு போட்டேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. அம்பு போட அது போதும்.

அப்படி நடக்க வந்த ஒரு கூட்டத்தில் லிம் டீச்சர் இருந்தார். மலேசியாவில் கெடாக்காரர். சீனர். தோட்டத்துப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் தமிழ் வரும். "எங்க பக்கமும் பழைய பாதை நெறைய மூடிக் கெடக்கு. ஒரு வாரம் வந்து எப்படின்னு காட்டுங்க" என்றார். போனேன்.

திங்கட்கிழமை திகாம் பத்துவில் இறங்கவேண்டியவன் பஸ்ஸின் குளிரில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது குருண் என்ற அடுத்த ஊர் வந்திருந்தது. டிரைவர் மலாய்க்காரர். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அரை மணி நேரம் வெயிலில் நின்று வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

திகாம் பத்துவில் ஒரு முஸ்லிம் கடை. ரொட்டி சானாய் என்று கொடுத்தார்கள். நம் புரோட்டா மாதிரிதான், கொஞ்சம் மெலிவு. தொட்டுக்கொள்ள பருப்பு. கடைக்கார பாய்க்குப் பூர்வீகம் ராமநாதபுரம். திண்டுக்கல் பக்கம் என்றதும் இன்னொரு ரொட்டியைத் தட்டில் போட்டார்.

"என்னா வேலையா வந்தீங்க?"

"பாதை போட. நடக்கிறதுக்கு."

"நடக்கிறதுக்கா? எங்க ஆளுங்க எதுத்த கடைக்கே மோட்டோவுலதான் போவாங்க. எந்தப் பக்கம்?"

சொன்னேன். தேத்தண்ணி ஆற்றிய கை நின்றது.

"அந்தத் தோட்டம் மூடியாச்சே. அங்க பொதைச்சவங்களத் தவிர வேற யாரு இருக்கா?"

அதற்குள் மாரியப்பன் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். டீச்சர் அனுப்பிய ஆள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்தத் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலைக் காவல். ஒரு வாரம் லீவு போட்டிருந்தார். போகிற வழியிலேயே விஷயத்தைச் சொன்னார். காற்றில் பாதிதான் கேட்டது. இறங்கியதும் மறுபடி சொல்லச் சொன்னேன்.

விஷயம் இது. தோட்டம் கைமாறிவிட்டது. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளை இடித்துச் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை, நட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது சுடுகாடு. அங்கே அவருடைய முதல் மனைவி பாப்பாத்தியைப் புதைத்திருக்கிறது. இடத்துக்குக் காகிதம் எதுவும் கிடையாது. புது மானேஜரிடம் போய் நின்றிருக்கிறார். "பலகை இருந்து ஆள் நடந்தால் விட்டுவிடுகிறேன். புதராகக் கிடந்தால் மிஷின்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்று சொன்னாராம். லிம் டீச்சரின் நடைக் கூட்டம் சனிக்கிழமை வருகிறது. பாதை நன்றாக இருந்தால் அதுதான் அவர்கள் வழி. இல்லையென்றால் சுற்றிப் போகும் செம்மண் ரோடு, அவர்கள் சொல்லும் சடக்கு, இருக்கிறது.

"சனிக்கிழமைக்குள்ள ஆயிருமா தம்பி?"

"ஆகும்ணே."



வீடு புக்கிட் செலம்பாவில், தாமான் என்கிற சின்னக் குடியிருப்பு. வரிசை வீடுகள். வாசலில் ஒரு எலுமிச்சை மரம். இரண்டாவது மனைவி சரோஜா பள்ளிக் கேண்டீனில் சமைக்கிறவர். விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தார். எனக்கு அண்ணி முறை ஆயிற்று. கருவாட்டுச் சம்பலும் சோறும் போட்டார். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஊருல இத்தன காரம் திங்க மாட்டீங்களாண்ணே?"

"திங்கிறதுதான்."

"அப்பறம் ஏன் அழுவுறீங்க?" என்று சிரித்தார்.

பாதையைப் பற்றி அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. மாரியப்பனும் அங்கே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை உள்ளே போனோம். திகாம் பத்து பக்கத்திலிருந்து சுடுகாடு வரை பழைய லாரி சடக்கு இருக்கிறது. அதற்குப் பலகை தேவையில்லை. சுடுகாட்டிலிருந்து புக்கிட் செலம்பாவ் தாமான் வரைதான் ஒற்றையடிப் பாதை மூடிக்கிடந்தது. தோட்டத்து ஜனம் சந்தைக்கும் கடைக்கும் நடந்த பாதை. ஒன்பது பலகை போதும் என்று கணக்குப் போட்டேன்.

செம்பனைக்குள் உச்சி வெயிலிலும் சாயங்காலம் மாதிரி இருக்கிறது. எங்கள் மலையில் குரங்கு கத்தும், குருவி கத்தும், யாராவது மாட்டை அதட்டுவார்கள். இங்கே மட்டை விழும் சத்தம் மட்டும். அதுவும் எங்கே விழுந்தது என்று தெரியாது. மரங்கள் எல்லாம் நேர்கோடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கோடு. வழி தவறினால் வந்த பக்கம் எது என்று சொல்ல முடியாது.

மாரியப்பன் முன்னால் நடந்தார். "இது பால் கொட்டகை. இது முடிவெட்டுற கடை. இங்கதான் படம் காட்டுவாங்க." நான் பார்த்தது செம்பனை மட்டும். ஓர் இடத்தில் அவர் நேராகப் போகாமல் வளைந்து போனார். வழியில் ஒன்றும் இல்லை.

"ஏண்ணே சுத்துறீங்க?"

"அங்க கெணறு" என்றார்.

மூடிய கிணறா என்று காலால் தட்டிப் பார்த்தேன். தரை கெட்டியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, தலையைக் குனிந்து இரண்டு எட்டு வைத்து நிமிர்ந்தார். பழைய வீட்டு வாசல் நிலை தாழ்வாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் வளைந்த இடத்தில் நானும் வளைந்தேன்.

புதன்கிழமை அவர் சிமெண்டு வாங்கப் போய்விட்டார். நான் தனியாக வெட்டினேன். பாராங் என்று அவர்கள் சொல்லும் கத்தி நல்ல கத்தி. அரிவாளைவிட நீளம், கைக்குப் பாரம் தெரியாது. சுடுகாட்டு வாயில் வரை வந்துவிட்டேன். அங்கே புதரை விலக்கியதும் பாதைக்குக் குறுக்கே ஒரு முள் கிளை கிடந்தது. இலை வாடி, சுருண்டு, ஆனால் உதிராமல். எடுத்துப் பக்கத்து வாய்க்காலுக்குள் எறிந்தேன். அந்த இடத்திலேயே முதல் பலகைக்குக் குழி தோண்டினேன்.

கை முழுக்க எலுமிச்சை வாசனை. இந்தக் காட்டில் எலுமிச்சை ஏது என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டும். எங்கள் ஊரிலும் புதைத்துவிட்டுத் திரும்பும்போது கடைசி ஆள் பாதைக்குக் குறுக்கே முள் வைப்பார். செத்தவர் பின்னால் வரக்கூடாது என்று. நானே வைத்திருக்கிறேன், என் தகப்பனுக்கு. ஆனால் பாதை வெட்டுகிறவன் கைக்கு முள் என்றால் முள்தான். எடு, எறி, அடுத்தது.

மதியம் மாரியப்பன் வந்தார். மழை வருவதற்குள் ஒன்பது பலகையும் நட்டு முடித்தோம். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் எழுத்து, இரண்டு பக்கம் அம்பு. சுடுகாட்டுப் பக்கமிருந்து வருகிறவருக்கு 'புக்கிட் செலம்பாவ்' தெரியும். தாமானிலிருந்து போகிறவருக்கு 'திகாம் பத்து'. கடைசிப் பலகை அவர் வீட்டுச் சந்தின் முனையில்.

வியாழக்கிழமை காலை, பசியாறிவிட்டு, சிமெண்டு இறுகியதா என்று பார்க்கப் போனோம். அங்கே காலை உணவைப் பசியாறுவது என்கிறார்கள். முதல் பலகைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஈர மண்ணில் கால் தடம். வெறுங்கால். சின்னக் கால், பெண்பிள்ளையுடையது. சுடுகாட்டு வாயிலில் தொடங்கி எங்கள் பக்கம் பார்த்து வந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

இரண்டாவது பலகைக்கு முன்னால் இரண்டு காலும் சேர்ந்து பதிந்திருந்தன. பலகையைப் பார்த்தபடி. நின்று பார்த்த கால். குதிங்கால் ஆழமாக இறங்கியிருந்தது. ரொம்ப நேரம் நின்றால்தான் அப்படி இறங்கும். அதற்கு அப்பால் தடம் இல்லை.

இடது காலில் நாலு விரல்தான்.

மாரியப்பன் குத்தவைத்து உட்கார்ந்தார். கையை விரித்துத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தொடவில்லை.

"தெரிஞ்ச ஆளாண்ணே?"

"கொத்து வேலையில மம்பட்டி பட்டு சுண்டு வெரலு போச்சு. கல்யாணத்துக்கு முந்தியே."

யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. தேவையும் இல்லை. "அவளுக்குப் படிக்கத் தெரியாது" என்றார். பிறகு பலகையைப் பார்த்தார். "அம்பு தெரியும்."

மோட்டார் சைக்கிளை வழக்கமாகச் சந்துக்குள் ஓட்டி வருவார். அன்று முனையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை லிம் டீச்சர் பார்க்க வந்தார். பழைய கார். வேண்டாம் என்று சொல்லியும் செம்பனைக்குள் ஓட்டி, ஐந்தாவது பலகைப் பக்கம் சேற்றில் இறக்கிவிட்டார். நானும் மாரியப்பனும் தள்ளினோம். சக்கரம் சுற்றிச் சேற்றை எங்கள்மேல் அடித்தது. டீச்சர் சன்னலில் தலையை நீட்டி, "பாஸ்கரன்னு ஒரு பையன் எங்கிட்ட படிச்சான், இப்படித்தான் தள்ளுற மாதிரி நடிப்பான்" என்று மாரியப்பனைச் சொன்னார்.

"நான் நடிக்கல டீச்சர், காலு வழுக்குது."

கார் ஏறியது. நான் கையைக் கழுவத் தண்ணீர் தேடியபோது பார்த்தேன். ஐந்தாவது பலகைக்கு முன்னால் இரண்டு கால். இடதில் நாலு விரல்.

டீச்சரும் பார்த்தார். "யாராச்சும் வெறகுக்கு வந்திருப்பாங்க."

"வெறகு எங்க இருக்கு டீச்சர்?" என்றார் மாரியப்பன்.

டீச்சர் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் தனியாக, "நாளைக்குப் பதினோரு பேர் வர்றாங்க. பாதி பேருக்கு இதயத்துல ஏதாச்சும் ஒண்ணு இருக்கு. பயந்து ஒருத்தர் திரும்பினாலும் நான் சடக்கு வழியாத்தான் கூட்டிட்டுப் போவேன். மாரிகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

சொன்னேன். தலையாட்டினார்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தோம். சரோஜா அண்ணி மரவள்ளிக்கிழங்கு பொரித்துத் தட்டில் வைத்தார். என் எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே. சுடுகாட்டு வாயில்ல ஒரு முள்ளு கெடந்திச்சா?"

"கெடந்துச்சு."

"என்னா செஞ்சீங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன் அண்ணி."

அண்ணி கண்ணை மூடித் திறந்தார். மாரியப்பன், "எந்த முள்ளு?" என்றார்.

"நான் போட்ட முள்ளு. வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தி, நம்ம மரத்துல வெட்டி, சடக்குல சுத்திப் போயி போடுவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து. ஒங்களுக்குத் தெரியாது."

"பன்னெண்டு வருஷமாவா?"

"ஆமா. உள்ள போனதில்ல. வாயில்ல போட்டுட்டு ஓடியாந்துருவேன்."

மழை தகரத்தில் அடித்தது. மாரியப்பன் கிழங்கை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"அவ செத்தப்ப நாங்க லயத்துல இருந்தோம். இந்த வீடு அவளுக்குத் தெரியாது, சரோ."

"இப்பத் தெரியுமே. அண்ணன் ஒம்போது பலகை போட்டுக் குடுத்திருக்காருல்ல. சந்து மொனையில ஒண்ணு. நான் பாத்தேன். தெனம் கூட்டுறேன், எனக்குத் தெரியாதா? நேத்து நீங்க வண்டிய மொனையிலேயே எறங்கித் தள்ளுனப்பவே அவங்க வராங்கன்னு புரிஞ்சிருச்சு. இன்னிக்கு எத்தனாவது பலகை?"

நான் சொன்னேன். "அஞ்சு."

"நாளைக்கு நான் முள்ளு போட்டுருவேன்."

"முள்ளு போட்டா டீச்சர் கூட்டம் தாண்டாது. கூட்டம் தாண்டாட்டி மிஷினு வந்துரும். அவள நோண்டிப் போட்டுருவானுங்க."

"முள்ளு போடாட்டி அவங்க இங்க வந்துருவாங்க. வந்து, இது எம் புருஷன், இது எங் குடும்பம்னு நின்னா நான் எங்க போறது? ஒங்கள என்னான்னு கூப்பிடுறது?"

அவர் குரல் உயரவில்லை. மாரியப்பன் தட்டைத் தள்ளி வைத்தார். நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். மழையில் சந்து முனைப் பலகை தெரிந்தது. அம்பு வீட்டைப் பார்த்து இருந்தது. அம்பை வைத்தவன் நான்.

சனிக்கிழமை காலை கூட்டம் தாமானுக்கு வந்தது. பதினோரு பேர். தொப்பி, கைத்தடி, முதுகுப்பை. மலாய்க்காரர், சீனர், இரண்டு தமிழ் அம்மாக்கள். ஒரு மலாய்க்காரர் தன் நண்பரிடம், "நடந்து முடித்ததும் நாசி லெமாக் உண்டு என்று சொன்னதால்தான் வந்தேன்" என்றார். டீச்சர் எனக்கு மொழிபெயர்த்துச் சிரித்தார். நாசி லெமாக் என்றால் தேங்காய்ப்பால் சோறு.

சரோஜா அண்ணி எலுமிச்சைக் கிளையோடு வந்து நின்றார். புதிதாக வெட்டியது.

டீச்சர் கிளையைப் பார்த்தார். தோட்டத்தில் நாற்பது வருஷம் இருந்தவருக்கு அது என்ன என்று தெரியும். "சரோஜா, அது வழியில கெடந்தா இவங்க ரெண்டு பேரும் தாண்ட மாட்டாங்க" என்று தமிழ் அம்மாக்களைக் காட்டினார். "நானும் தாண்ட மாட்டேன்."

"தெரியும் டீச்சர். எல்லாரும் தாண்டிப் போயிருங்க. கடைசி ஆளு போனப்பறம் போட்டுருவேன்."

"அப்பறம் அடுத்த வாரம் வர்றவங்க?"

அண்ணி கிளையோடு கூடவே நடந்தார்.

எட்டாவது பலகை. தடம் இருந்தது. ஏழாவதில் இருந்தது. ஆறில் இருந்தது. கூட்டம் எதிர்ப்பக்கம் பார்த்து நடந்ததால் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே மிதித்துப் போனார்கள். நான் பார்த்தேன். ராத்திரி மழைக்குப் பின்னால் பதிந்தவை, விளிம்பு கலையாமல் இருந்தன. அண்ணியும் பார்த்தார். தடம்மேல் கால் படாமல் ஓரமாக வந்தார். மாரியப்பன் கடைசியில் வந்தார்.

மாரியப்பன் வளைந்த இடங்களில் நான் வளைந்தேன். எனக்குப் பின்னால் பதினோரு பேரும் வளைந்தார்கள். கொஞ்ச தூரத்தில் பேச்சும் தானாக நின்றுவிட்டது. நாசி லெமாக் கேட்டவர்கூடப் பேசவில்லை.

சுடுகாட்டு வாயிலில் அண்ணி நின்றுவிட்டார். எப்போதும் அதுவரைதான் வருவார். கூட்டம் உள்ளே போனது. மாரியப்பன் அவரைப் பார்க்காமல் உள்ளே போனார். நான் பின்னால் நின்றேன்.

உள்ளே மாரியப்பனின் சத்தம் கேட்டது. வார்த்தை இல்லை, சத்தம்.

அண்ணி உள்ளே ஓடினார். கிளை கையில்தான் இருந்தது.

பாப்பாத்தியின் குழி மேடு சின்னது. தலைமாட்டில் ஒரு சிமெண்டுத் துண்டு. மேட்டின் நடுவில் ஒரு மரக் குச்சி அடித்து, சிவப்பு பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தது. அடுத்த மேட்டிலும் ஒன்று. அதற்கு அடுத்து ஒன்று. நேர்கோடு. செம்பனை நட அளந்து அடித்த குச்சிகள். செவ்வாய்க்கிழமை அவை இல்லை.

மாரியப்பன் குச்சிப் பக்கம் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். பிடுங்கலாமா, கம்பெனி ஆள் கேட்பானா என்று அவருக்குத் தெரியவில்லை. தோட்டத்துக் குச்சியைத் தொடக்கூடாது என்று பழகிய கை.

அண்ணி மேட்டைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார்.

"நெஞ்சுலேயே அடிச்சிருக்கானுங்க" என்றார். "பொம்பள படுத்திருக்கா. நெஞ்சுலேயே."

முள் கிளையைக் கீழே போட்டார். இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்து ஆட்டிப் பிடுங்கினார். ஆழமாகத்தான் அடித்திருந்தார்கள். பிடுங்கிய இடத்தில் ஓட்டை. அதில் மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் தட்டி மூடினார். காய்ச்சல்காரருக்கு நெஞ்சு தடவுகிற மாதிரி தடவினார். பிறகு அடுத்த மேட்டுக்குப் போனார். தமிழ் அம்மாக்கள் இருவரும் பையை இறக்கிவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். நாசி லெமாக் கேட்ட மலாய்க்காரர் வந்து ஒரு குச்சியைப் பிடுங்கினார். டீச்சர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தார். "மானேஜருக்கு நானே அனுப்புறேன். இதுதான் எங்க வழின்னு சொல்றேன். ஆள் நடந்தாச்சு" என்றார்.

ஒரு வெற்றுப் பலகை மிச்சம் கொண்டு வந்திருந்தேன். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். டீச்சர் யோசித்தார். அண்ணி மண் கையோடு திரும்பி, "செருப்பக் கழட்டிட்டு நடங்கன்னு எழுதுங்கண்ணே" என்றார்.

மூன்று மொழியில் எழுதினேன். மலாயும் ஆங்கிலமும் டீச்சர் எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். பதினோரு பேரும் வெறுங்காலோடு மேடுகளுக்கு நடுவே மெதுவாகப் போய் லாரி சடக்கில் ஏறினார்கள். நான், மாரியப்பன், அண்ணி மூவரும் வந்த வழியே திரும்பினோம். முள் கிளை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

வாயில் தாண்டியதும் மாரியப்பன் கேட்டார். "போடலையா?"

அண்ணி நடந்துகொண்டே இருந்தார்.

"கூட்டுறதுக்கு ஆளு இல்லாம கெடக்குது அங்க. பன்னெண்டு வருஷமா வாயில்லயே நின்னுருக்கேன், உள்ள எட்டிப் பாக்கல. நீங்களும் ஒரு வார்த்த சொல்லல."

"நீ கோவிச்சுக்குவேன்னு."

"கோவிச்சுக்குவேன்தான்."

வழியில் எங்களுடைய தடம், கூட்டத்தின் தடம், எல்லாம் கலந்து கிடந்தது. அந்த நாலு விரல் கால் எங்கே என்று நான் தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டேன். டீச்சர் கார் சந்து முனையில் நின்றது. மாரியப்பன் என் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். அண்ணி தோசை சுட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். உள்ளே மேசையில் பசியாற மூன்று தட்டு வைத்திருந்தது. நான் கிளம்பிவிட்டேன், அவர்கள் இரண்டு பேர்.

வாசற்படியில் ஒரு வாளி நிறைய தண்ணீர், மேலே ஒரு சொம்பு. என் காலில் சேறு. விடியலில் பாதையை ஒரு முறை நடந்து பார்த்து வந்ததில் ஒட்டியது. எனக்குத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்துச் சொம்பை எடுக்கக் குனிந்தேன்.

"அது ஒங்களுக்கு இல்லண்ணே" என்றார் அண்ணி.

நான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, யாரும் இல்லாத வாசலைப் பார்த்தார். சேலை முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். விருந்தாளி வந்தால் செய்வது போல.

"வாங்கக்கா. காலக் கழுவிட்டு உள்ள வாங்க."